கல்யாண புட்பால் கிளப் மீட்பு வைபவம்

நாராயணவனம் கல்யாண புட்பால் கிளப் திவாலாகிவிட்டதை ஊருக்கு முதலில் தெரிவித்தவன் மரக்கடைக்காரன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஆட்டம் பார்க்கக் கூட்டம் கூடியிருந்த நேரத்தில் மாட்டுவண்டியோடு வந்து, வடக்குப் பக்கத்துக் கோல் கம்பங்கள் இரண்டையும் பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனான். மேலே கட்டியிருந்த குறுக்குக் கட்டையை மட்டும் விட்டுவிட்டான். அதற்குப் பணம் வந்துவிட்டதாம். அந்தக் கிளப்போடு சம்பந்தப்பட்டவர்களில் கணக்குத் தெரிந்த மனிதன் அவன் ஒருவன்தான்.

கமிட்டியார் மைதானத்திலேயே அவசரமாகக் கூடினார்கள். அன்றைய ஆட்டம் தெற்குக் கோலை நோக்கி மட்டும் ஆடப்படும் என்று அறிவித்தார்கள். அப்படியே நடந்தது. இரண்டு அணியும் ஒரே கோலைப் பார்த்து அடித்தன. கோல்கீப்பர் வீராசாமி இரண்டு அணியையும் தடுத்தான். ஆட்டம் சமனில் முடிந்தது. கமிட்டியார் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

வீராசாமி சேரிக்காரன். அவனும் அவன் அண்ணன் கன்னையாவும் வாரத்தில் ஆறு நாள் ஊராரின் நிலங்களில் கூலிக்கு உழுகிறவர்கள். அந்த ஆறு நாளும் அவர்களுக்குப் பெயர் கிடையாது. 'டேய்' என்றால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவர்களே புரிந்துகொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் கதை வேறு. வீராசாமி பாய்ந்து ஒரு பந்தைப் பிடித்தால் ஊர்த்தெரு முழுவதும் அவன் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தும். போன வருஷம் சூளூர்பேட்டை அணியை ஜெயித்த அன்று, ஊர்த்தெருவில் பெரிய கிணறும் நல்ல நஞ்சையும் உள்ள கமிட்டிக்காரர் ஆதிநாராயணன் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். பிறகு வீட்டுக்குப் போய்த் தலைமுழுகினார் என்றாலும், தூக்கியது தூக்கியதுதான். கன்னையா அதை நினைத்து நினைத்து ஒரு வருஷம் சந்தோஷமாக இருந்தான்.

கம்பம் போன அன்று வீடு திரும்பும் வழியில் வீராசாமி சொன்னான்.

"கிளப்பு பூட்சின்னா நான் பட்ணம் பூடுவேண்ணா. ஆர்பர்ல மூட்ட தூக்கறேன். வாரத்துக்கு ஒரு நாளாச்சும் மனுசனா இருக்கறதாலதான் இந்த ஊரு. அதுவும் இல்லன்னா எதுக்கு இங்க கெடக்கணும்?"

கன்னையாவுக்கு அப்பா அம்மா இல்லை, பிள்ளைகள் இல்லை. மனைவி கமலம்மாவும் இந்தத் தம்பியும்தான். கிளப்பைக் காப்பாற்றினால் தம்பி இருப்பான். ஆகவே கிளப்பைக் காப்பாற்ற வேண்டும். ஒரு கூலிக்காரன் இப்படி நேராக யோசித்ததுதான் பிறகு நடந்த எல்லாச் சங்கடத்துக்கும் காரணம்.

பணம் எங்கே போயிற்று என்று கேட்கப் பொதுக்கூட்டம் கூடியது. சேரிக்காரர்கள் கொஞ்சம் தள்ளி நின்று கேட்கலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். பொக்கிஷதார் வரதராஜன் எழுந்தார். நல்ல மனிதர், பக்திமான், வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர். அவரைப் போன்றவர்களிடம் பணத்தைக் கொடுத்துவைப்பதுதான் நம் சங்கங்களின் வழக்கம்.

"பணம் எங்கியும் போவல," என்றார் வரதராஜன். "என் வூட்லதான் பத்திரமா கீது."

கூட்டம் மூச்சு விட்டது.

"ஆனா எடுக்க முடியாது."

விஷயம் இதுதான். டிக்கெட் பணம் வீட்டில் இருப்பது தெரிந்ததும், கமிட்டியார் ஒவ்வொருவராக அவரிடம் கைமாற்றுக் கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மகள் கல்யாணம், இன்னொருவருக்கு மாட்டு வியாபாரம். வரதராஜனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. ஆகவே ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வசூலை மஞ்சள் துணியில் முடிந்து, மலைச்சாமி படத்துக்கு முன்னால் கட்டித் தொங்கவிட்டார். எங்கள் பக்கத்தில் மஞ்சள் துணியில் முடிந்த காசு திருமலை உண்டியலுக்குப் போக வேண்டிய காசு. திருடன்கூட அதைத் தொடமாட்டான். கமிட்டியாரும் தொடவில்லை. வரதராஜன் நிம்மதியாகத் தூங்கினார். அந்த முடிச்சைத் தானும் அவிழ்க்க முடியாது என்பது மரக்கடைக்காரன் பாக்கி கேட்டு வந்த அன்றுதான் அவருக்கு உறைத்தது.

"அப்போ அது யார் காசு?" என்று யாரோ கேட்டார்கள்.

"சாமி காசு."

இதற்கு மேல் பேச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. எங்கள் ஊர் பெண் வீட்டார் ஊர். பத்மாவதித் தாயாரைக் கட்டிக்கொடுத்த ஊர். மலைமேல் இருப்பவர் அந்தக் கல்யாணத்துக்காகக் குபேரனிடம் வாங்கிய கடனை இன்றைக்கும் அடைத்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை கடனில் கிடக்கும்போது அவர் காசை எடுத்துக் கோல் கம்பம் நடுவது பெண் வீட்டாருக்கு அழகா என்று வரதராஜன் நாத்தழுதழுக்கக் கேட்டார். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

தூரத்திலிருந்து கன்னையா கேட்டான்:

"சாமி கேக்கவே இல்லியே ஆண்டே? நீங்களாதான முடிஞ்சீங்க? அவுத்துட்டு, தப்புக்காசு போட்டுக் கன்னத்துல போட்டுக்கினா போச்சி."

சேரிக்காரன் சாமி விஷயத்தில் வாய் வைத்தது கூட்டத்தை உடனே ஒற்றுமைப்படுத்தியது. அதுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே குரலில் தீர்மானம் போட்டார்கள். கிளப் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கமிட்டியார் திருமலைக்குப் போவது. முடிச்சுகளை உண்டியலில் சேர்ப்பது. அனைவரும் மொட்டை போட்டுக்கொள்வது. வழிச்செலவு கிளப்பைச் சேர்ந்தது.

போனார்கள். கிளப்பைக் காப்பாற்றக்கூடிய பணம் முழுவதையும், கிளப் காப்பாற்றப்பட வேண்டும் என்ற வேண்டுதலுக்காகச் செலுத்திவிட்டு, வழவழவென்று திரும்பி வந்தார்கள். ஆதிநாராயணன் கன்னையாவின் கையில் லட்டு உதிரியை உயரத்திலிருந்து போட்டு, "கவலப்படாத. இனிமே அவரு பாத்துப்பாரு," என்றார்.

அவர் பார்த்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் சூளூர்பேட்டையிலிருந்து ரங்கையா வந்தார். புலிக்காட்டு ஏரி மீனையும் இறாலையும் ஐஸ் வைத்துப் பட்டணத்துக்கு ரயிலேற்றும் வியாபாரி. சொந்த ஊர் அணி எங்களிடம் தோற்ற ஆட்டத்தை நேரில் பார்த்தவர். தோற்கிற அணிக்குச் செலவு செய்வதைவிட, தோற்கடிக்கிற அணியை வாங்கிவிடுவது லாபம் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"ஆ கோல்கீப்பரு உன்னாடு சூடு, அந்தப் பையன் இருக்கானே, அவன் இருக்கிற டீம்தான் எனக்கு வேணும்," என்றார். "மத்தவங்க இருந்தாலும் சரி, இல்லன்னாலும் சரி."

கன்னையா அன்று ராத்திரி வயிறு நிறையத் தின்றான். ஆனால் கிளப் கைமாற வேண்டும் என்றால் அருணாநதிப் பிராந்தியக் கால்பந்து மகாசபையின் ஒப்புதல் வேண்டும்.

மகாசபை புத்தூரில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்தது. அதன் தலைவர் நாகேந்திரன் வாழ்க்கையில் பந்தை உதைத்தவர் இல்லை. கால்பந்தில் கை படக்கூடாது என்ற ஒரு விதி அவருக்குத் தெரியும். அதை அனுசரித்து எந்தக் காரியத்திலும் அவர் கை வைப்பதில்லை. அப்படிப்பட்டவரை யார் குறை சொல்ல முடியும்? பல வருஷங்களாகத் தலைவராக இருந்தார்.

ரங்கையா கிளப் நடத்தத் தகுதியானவரா என்று விசாரணை நடந்தது. கன்னையாவும் வீராசாமியும் மாடிப்படியின் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உமக்குக் கடன் ஏதாவது உண்டா?" என்று கேட்டார் தலைவர்.

"லேது. கடனே கிடையாது."

தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். "கடனே இல்லாதவருக்குக் கிளப் நடத்துகிற அனுபவம் எப்படி இருக்கும்? இந்தப் பிராந்தியத்தில் பதினைந்து கிளப் இருந்தன. எல்லாவற்றையும் கடனில் ஊறிய பெரிய மனிதர்கள்தான் நடத்தினார்கள். இன்றைக்கு இதைத் தவிர ஒன்றுகூட இல்லை என்றாலும், அந்தப் பாரம்பரியம் இருக்கிறது."

அடுத்த சங்கடம் மீன். சாமி ஊர்க் கிளப்பை மீன் வியாபாரி வாங்கலாமா என்று துணைத்தலைவர் எழுப்பிய கேள்வி மத்தியானம் வரை ஓடியது. கீழே நின்ற வண்டியிலிருந்து ஒரு கூடை இறால் மேலே போனது. மகாசபை ஒரு மணி நேரம் ஒத்திவைக்கப்பட்டது. திரும்பக் கூடியபோது, முதல் அவதாரமே மச்சாவதாரம்தான் என்பதைத் தலைவர் சபைக்கு நினைவுபடுத்தினார். ஆட்சேபணை வாபஸ் ஆயிற்று.

"இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி," என்றார் தலைவர். கன்னையா கும்பிட்ட கையை எடுக்கவில்லை.

அது சென்னை ராஜ்யத்துக்கும் ஆந்திராவுக்கும் எல்லை பிரித்துக்கொண்டிருந்த சமயம். எந்த ஊர் எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது. டீக்கடையில் ஒரு பெஞ்சில் தமிழ்ப் பேப்பரும் இன்னொரு பெஞ்சில் தெலுங்குப் பேப்பரும் படித்து, இரண்டும் வேறு வேறு ஊரைச் சொல்ல, கடைக்காரர் இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்த காலம். தலைவர் எழுந்து நின்று பேசினார்.

"சோதரர்களே. நாளைக்கு எந்த ராஜ்யத்தில் இருக்கப்போகிறது என்று தெரியாத கிளப்பை இன்றைக்கு எப்படிக் கைமாற்றுவது? அவசரப்பட்டு ஒரு முடிவு எடுத்துவிட்டால், அது முடிவாகிவிடும் அல்லவா? அந்தப் பழி இந்தச் சபைக்கு வேண்டாம். சர்க்கார் எல்லையைப் பிரிக்க ஒரு முறை வைத்திருக்கிறது. கிராமம் ஒரு யூனிட். அங்கே எந்த பாஷை அதிகமோ அந்தப் பக்கம். அதே முறையில், நாம் ஆட்டக்காரனை ஒரு யூனிட்டாக எடுத்துக்கொள்வோம். தமிழ் ஆட்டக்காரர் அதிகமா, தெலுங்கு ஆட்டக்காரர் அதிகமா என்று பார்த்து, அந்தக் கிளையின் கையெழுத்தோடு கைமாற்றிவிடுவோம்."

மகாசபைக்குத் தமிழ்க் கிளை, தெலுங்குக் கிளை என்று இரண்டு இருந்தன. இரண்டிலும் அதே ஆட்கள்தான்.

ஆட்டக்காரர்களை மாடி வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்து பாஷை பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் இது லேசான காரியம் இல்லை. எங்கள் ஆட்கள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படித்திருப்பார்கள், சந்தையில் தெலுங்கில் பேரம் பேசித் தமிழில் பணம் கொடுப்பார்கள். ஓர் ஆட்டக்காரனை மாட்டை எந்த பாஷையில் அதட்டுகிறான் என்பதை வைத்துத் தமிழன் என்று தீர்மானித்தார்கள். இன்னொருவனைப் பொண்டாட்டி எந்த பாஷையில் அதட்டுகிறாள் என்பதை வைத்துத் தெலுங்கன் என்றார்கள். கடைசியில் தமிழ் ஐந்து, தெலுங்கு ஐந்து என்று வந்து நின்றது. மிச்சம் வீராசாமி.

"கோல் விட்டால் எந்த பாஷையில் திட்டுவாய்?" என்று கேட்டார் தலைவர்.

"கோல் உட்டதில்ல சார்."

"விட்டுவிட்டால் என்று வைத்துக்கொள்."

வீராசாமி யோசித்தான். ஏமாற்றத் தெரியாத பையன். "உட்டா கண்ல தண்ணி வந்துரும் சார். திட்டமாட்டேன்."

தலைவர் சபையின் பக்கம் திரும்பினார். "அழுகைக்கு பாஷை இல்லை. ஆகவே இவன் தகராறுக்குட்பட்ட பிரதேசம். இவன் விஷயம் தீரும்வரை கிளப் தாற்காலிகமாக ரங்கையாவிடம் இருக்கலாம். ஆனால் அதுவரை இவன் பந்தைத் தொடக்கூடாது. இவன் இடத்தில் வேறு ஆளும் நிற்கக்கூடாது. நின்றால் அவனுடைய பாஷைக்கு ஒன்று கூடிவிடும். நியாயம் என்றால் நியாயமாக இருக்க வேண்டும்."

வீட்டுக்கு வந்து கன்னையா இதைச் சொன்னபோது கமலம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"தொடக்கூடாதுன்னு சொல்றதுக்கா புத்தூரு வரிக்கும் கூட்டிக்கினு போனாங்க? இங்கியே சொல்லியிருப்பாங்களே," என்றாள்.

"கொஞ்ச நாளிக்குதான்மே. கிளப்பு பொழச்சிக்கிச்சி இல்ல."

"ஆமா, பொழச்சிக்கிச்சி," என்றாள் அவள். வீராசாமி வெளியே போய் உட்கார்ந்தான்.

மீட்பு வைபவம் என்று துண்டு நோட்டீஸ் போட்டு ஊரெல்லாம் கொடுத்தார்கள். மைதானத்தில் ஷாமியானா, ஒலிபெருக்கி, மாவிலைத் தோரணம். ரங்கையா புதுக் கம்பங்கள் நட்டு வெள்ளை அடித்திருந்தார். கமிட்டியார் மொட்டைத் தலைகளில் சந்தனம் தடவிக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார்கள். இந்தக் கிளப்பின் மீட்சியை வருங்காலத் தலைமுறை பாராட்டும் என்று ஒருவரும், பாராட்டாவிட்டாலும் கவலையில்லை என்று இன்னொருவரும் பேசினார்கள். ஒலிபெருக்கிக்காரன் களைத்துப் போனபிறகு ஆட்டம் ஆரம்பமாயிற்று.

எதிரணி ரேணிகுண்டாவிலிருந்து வந்திருந்தது. காலியாக இருந்த கோலைப் பார்த்து, இதில் ஏதோ சூழ்ச்சி இருக்கிறது என்று முதலில் பயந்தார்கள். பிறகு ஒருவன் தைரியமாகத் தூரத்திலிருந்து உதைத்தான். பந்து உருண்டு உருண்டு உள்ளே போயிற்று. மகாசபையார் கைதட்டினார்கள். ஆள் இல்லாத கோலில் விழுந்ததால் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை என்று தலைவர் பக்கத்து நாற்காலிக்காரருக்கு விளக்கினார். அடுத்ததும் உள்ளே போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று.

வீராசாமி கயிற்றுக்கு வெளியே சேரிக்காரர்களோடு நின்றிருந்தான். அவன் கை விரல்கள் மடங்கி மடங்கி விரிவதைக் கன்னையா பார்த்தான்.

ஊர்த்தெருப் பக்கத்திலிருந்து ஆதிநாராயணன் எழுந்தார். ஆட்டம் என்று வந்தால் அவருக்கு மானமும் ரோஷமும் அதிகம்.

"டேய் வீராசாமி, இன்னாடா வேடிக்க பாத்துக்கினு கீற? போடா உள்ள."

அவ்வளவுதான். ஊர்த்தெரு முழுவதும் எழுந்து நின்று அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. ரேணிகுண்டாக்காரன் இன்னொரு முறை உதைத்தான். வீராசாமி கயிற்றைத் தாண்டி ஓடினான், பாய்ந்தான், கம்பத்தின் ஓரத்தில் பந்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கன்னையா தன் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. ஊர்க்காரர் யார் சேரிக்காரர் யார் என்று தெரியாமல் எல்லோரும் கலந்து குதித்தார்கள்.

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். தலைவர் நாகேந்திரன் ஒலிபெருக்கியிடம் போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காரியத்தை முடித்துவைக்கப்போகிற சந்தோஷம் இருந்தது.

"சோதரர்களே. உங்கள் ஆர்வத்தை மகாசபை புரிந்துகொள்கிறது. இதைத் தீர்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஆட்டக்காரனைத் தனி யூனிட்டாக எடுத்ததால்தான் தகராறு. கிராமத்தையே யூனிட்டாக எடுத்தால் தகராறே இல்லை. இவன் நாராயணவனத்து ஊரான் என்று ஊர் சொல்லிவிட்டால், ஊர் எந்தப் பக்கமோ இவனும் அந்தப் பக்கம். இப்போதே ஆடலாம். என்றைக்கும் ஆடலாம். வீராசாமி எங்கள் ஊரான் என்று சொல்கிறவர்கள் கை தூக்குங்கள்."

சேரிப் பக்கத்தில் எல்லாக் கைகளும் உயர்ந்தன.

"நீங்கள் இறக்குங்கள். நீங்கள் ஊரா இல்லையா என்பதுதானே கேள்வி."

இறக்கினார்கள். ஊர்த்தெருப் பக்கம் கசமுசவென்று பேச்சு எழுந்தது. வரதராஜன் எழுந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"ஒரு சந்தேகம் சார். ஊரான்னா... ஆட்டத்துக்கு மட்டுந்தானா? இல்ல கெணறு, கோயில் தெரு, அதெல்லாம் கூடவா?"

"யூனிட் என்றால் யூனிட்தான். அதில் பாதி கிடையாது," என்றார் தலைவர்.

கொஞ்ச நேரத்துக்கு முன் குதித்தவர்கள் அவரவர் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். சிலர் கைகளைக் கட்டிக்கொண்டார்கள். ரங்கையா ஊர்த்தெருவையும் கோலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தான் வெளியூர்க்காரன் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். கோலுக்குள் வீராசாமி பந்தோடு நின்றான்.

கன்னையா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆதிநாராயணன் எதிரில் போய் நின்றான்.

"ஆண்டே, நீங்க தூக்குங்க. நீங்க தூக்குனா எல்லாரும் தூக்குவாங்க. எந்தம்பி போய்டுவான் ஆண்டே."

ஆதிநாராயணன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அவருக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை.

"நான் ஆட்டம் பாக்கத்தாண்டா வந்தேன்," என்றார்.

ஒலிபெருக்கியில் தலைவரின் குரல் கேட்டது. கைகள் எதுவும் உயராததால் தீர்மானம் ஏகமனதாகத் தோற்றது என்றும், இவ்வளவு ஒற்றுமையான ஊரைத் தாம் கண்டதில்லை என்றும், கிளப்பின் எதிர்காலம் பத்திரமான கைகளில் இருக்கிறது என்றும் அவர் சொன்னார்.

வீராசாமி பந்தை மண்ணில் வைத்தான். கால்சட்டையில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, புத்தூர் ரயிலடிக்குப் போகும் ரோட்டில் நடந்தான். கன்னையா பின்னாலேயே ஓடினான்.

அவர்கள் புளியமரத்தைத் தாண்டும்போது மைதானத்தில் விசில் கேட்டது. ஆட்டம் மறுபடி ஆரம்பித்திருந்தது. ரேணிகுண்டாக்காரன் பந்தை எடுத்துக்கொண்டு கோலை நெருங்கியிருக்க வேண்டும். ஊர்த்தெரு முழுவதும் பழக்கதோஷத்தில், "வீராசாமி, வீராசாமி" என்று கத்தியது.

கன்னையா தம்பியின் முகத்தைப் பார்த்தான். அவன் நடந்துகொண்டிருந்தான்.